கன்றுகள் காத்திருக்கட்டும், முதலில் லாலாங்

மரம் நடும் விழாவைப் பார்க்காத மாணவர்கள் நம் நாட்டில் இருக்க முடியாது. பதாகை கட்டுவார்கள். பிரமுகர் வருவார். முதல் நாளே தோண்டி வைத்த குழியில் கன்றை இறக்கி, ரிப்பன் கட்டிய மண்வெட்டியால் இரண்டு முறை மண்ணைத் தள்ளி, படம் எடுத்துக்கொண்டு, மீ கோரேங் பொட்டலத்தோடு கலைந்துவிடுவோம். ஆறு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். லாலாங் நெஞ்சளவுக்கு நிற்கும். அதற்குள் எங்கோ ஒரு மூங்கில் குச்சியும் அதில் கட்டிய பெயர் அட்டையும் இருக்கும். கன்றும் உயிரோடு இருந்தால் அது அதிர்ஷ்டம்.

2021ஆம் ஆண்டு தொடங்கி ஐந்தாண்டுகளில் 10 கோடி மரங்கள் நடுவது என்று அரசாங்கமே ஒரு பெரிய இயக்கத்தை அறிவித்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் இத்தகைய இயக்கங்களில் நம் கண்ணில் படுவது நட்ட கன்றுகளின் எண்ணிக்கை. நடுவதற்கு முன்னால் அந்த நிலத்தில் என்ன வேலை நடந்தது என்பதைப் பதாகையில் யாரும் போடுவதில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் படித்த தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் பின்னால் ஏறக்குறைய அரை ஏக்கர் நிலம் கிடக்கிறது. ஒரு காலத்தில் பால்மரம் நின்ற இடம். மரங்களை வெட்டிய பிறகு யாரும் தொடவில்லை. இன்று அங்கே லாலாங்கும் தொட்டாற்சிணுங்கியும் செண்டுடுக் புதரும்தான். அதைப் பழத்தோட்டமாகவும் காய்கறிப் பாத்திகளாகவும் மாற்றப் பள்ளியும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் முடிவு செய்திருக்கின்றன. முன்னாள் மாணவர்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு விவசாயம் படிப்பதால் பட்டியலில் என் பெயர் கொஞ்சம் மேலே இருக்கிறது. நடுவிழாவுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. எட்டு வாரத்தில், ஜூலை மாதத்தில்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விழாவை நவம்பருக்குத் தள்ள வேண்டும். இடைப்பட்ட ஆறு மாதத்தை நிலத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாத வேலைதான் இந்தத் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைக்கக்கூடிய பெரிய பாடம். நடுவது அரை நாள் வேலை.

லாலாங்கைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறோம். காற்றடிக்கும் பக்கம் சாய்பவனை மலாய்க்காரர்கள் லாலாங் என்பார்கள். 1987ஆம் ஆண்டு அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்த போலீஸ் நடவடிக்கைக்கே இந்தப் புல்லின் பெயரைத்தான் வைத்தார்கள். பழமொழியில் முதுகெலும்பு இல்லாத இந்தப் புல் மண்ணுக்கடியில் முற்றிலும் வேறு குணம் கொண்டது. நாம் வேர் என்று சொல்வது உண்மையில் மண்ணுக்குள் படுத்து ஓடும் தண்டு. இஞ்சியும் அப்படித்தான். வெள்ளையாக, கணுக்கணுவாக, ஊசி முனையோடு ஓடும். வழியில் கிழங்கோ வேறு செடியின் வேரோ குறுக்கிட்டால் துளைத்துக்கொண்டு போகும். ஒரு செடியின் மொத்த எடையில் பாதிக்கும் மேல் மண்ணுக்குள்ளேயே இருக்கலாம். (சீன மூலிகைப் பானக் கடையில் கரும்போடு சேர்த்துக் காய்ச்சி விற்கிறார்களே, அது இந்தத் தண்டுதான். குடித்துப் பாருங்கள், இனிப்பாக இருக்கும். அந்தச் சர்க்கரைதான் அதன் சேமிப்புக் கணக்கு.)

இந்தச் சேமிப்புக் கணக்கு என்ற ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தானாக விளங்கும். மேலே இருக்கும் இலையை மெஷின் வைத்து வெட்டினால், கீழே இருக்கும் சர்க்கரையை எடுத்து இரண்டொரு வாரத்தில் புது இலை விடும். தீ வைத்தால் மேலே உள்ள காய்ந்த சருகு போய்விடும். தண்டுக்கு ஒன்றும் ஆகாது. போட்டிக்கு நின்ற சிறு செடிகளும் மரக்கன்றுகளும்தான் கருகும். எரிந்த லாலாங் அவசரமாகப் பூத்து, பஞ்சு போன்ற விதைகளைக் காற்றில் அனுப்பும். நெருப்பு லாலாங்குக்கு நண்பன். திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம். புகைமூட்டத்தில் பள்ளியை மூடி வீட்டில் உட்கார்ந்த தலைமுறைக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, டிராக்டர் வைத்து உழுதுவிட்டால்? சுழல் கலப்பை அந்தத் தண்டுகளைத் துண்டு துண்டாக வெட்டும். கணு உள்ள ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாக முளைக்கக்கூடியது. ஒரே ஒரு முறை மேலோட்டமாக உழுதுவிட்டு விட்டால், லாலாங்கை நாமே பதியம் போட்டது போலாகும். திரும்பத் திரும்ப, வெயில் காலம் பார்த்து உழுது, தண்டுகளை மேலே கொண்டுவந்து காயவிட்டால்தான் பலன். திருக்குறளில் உழவு அதிகாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு பலம் புழுதி கால் பலமாகும் வரை காயவிட வேண்டும் என்கிறார் வள்ளுவர். வறண்ட கோடை உள்ள நாட்டுக்கு அது கச்சிதமான அறிவுரை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நம் ஊரில் புழுதி காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். குறளை இங்கே பயன்படுத்த வேண்டுமானால் நம் மழைக்கணக்கையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். மேற்குக் கரை மாநிலங்களில் ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும்தான் கொஞ்சம் காய்ச்சல் கிடைக்கும். ஏப்ரலும் அக்டோபர், நவம்பரும் மழை.

இப்போது விழா நாளைப் பாருங்கள். காயவிடுவதற்கென்றே இயற்கை கொடுத்திருக்கும் ஜூலையில் நாம் கன்று நடப்போகிறோம். நடுவதற்கு உகந்த நவம்பரில் ஆண்டிறுதி அலுவல்களில் மூழ்கியிருப்போம். நாட்காட்டியை மாற்றச் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது மருந்து. கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "ரெண்டு போத்தல் மருந்து வாங்கி ஒரு நாள் அடிச்சா முடிஞ்சது. எதுக்கு ஆறு மாசம்?" அவரைக் குறை சொல்ல முடியாது. பிழைப்புக்காக விவசாயம் செய்பவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். அதைப் பற்றி நான் எழுதுவதற்குப் பாடப்புத்தகத்தைத் தாண்டிய காரணம் ஒன்று இருக்கிறது.

என் பாட்டி ரப்பர்த் தோட்டத்தில் மருந்து அடித்தவர். முதுகில் 16 லிட்டர் தொட்டி, ஒரு கையில் பம்பு, ஒரு கையில் குழாய். காலில் ரப்பர் செருப்பு. முகத்தில் பழைய துண்டு. 1980களில் அவர் வேலை செய்தபோது அந்தப் பட்டாளத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். பாட்டியின் கைவிரல் நகங்கள் கறுத்து உரிந்து விழுந்ததை அம்மா இன்றும் சொல்வார். சில நாள் மூக்கிலிருந்து ரத்தம் வருமாம். பாட்டி அதைப் புகாராகச் சொன்னதே இல்லை. "மருந்து வேலைக்கு அம்பது காசு கூட வரும்யா" என்பதோடு பேச்சை முடித்துவிடுவார்.

அந்த மருந்தின் பெயர் பாராகுவாட். படிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. பாராகுவாட் பட்ட இடத்தை மட்டும் கருக்கும் வகை. இலை கருகும், மண்ணுக்குள் இருக்கும் லாலாங் தண்டுக்கு அது போய்ச் சேராது. அதனால் சில வாரத்தில் மறுபடியும் பச்சை வரும், மறுபடியும் அடிக்க வேண்டும். என் பாட்டி ஆண்டு முழுவதும் தொட்டியைச் சுமந்ததற்கான விடை அந்தப் புல்லின் உடற்கூற்றிலேயே இருக்கிறது. வேகமான வழி என்று சொல்லப்பட்டது உண்மையில் முடிவே இல்லாத வழி.

அதற்கு முந்தைய கதையும் அழகானதல்ல. ரப்பர்த் தோட்டங்களின் ஆரம்ப காலத்தில் ஒரு புல் கூட இல்லாமல் தரையைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் நல்ல நிர்வாகம் என்று துரைமார்கள் நினைத்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள் வரிசையாக நின்று மண்வெட்டியால் கொத்திக்கொண்டே போனார்கள். வெறும் மண்ணில் வெப்பமண்டல மழை விழுந்ததும் மேல்மண் ஆற்றோடு போனது. அதைப் பார்த்த பிறகுதான், 1920களிலும் 30களிலும், பயறு இனக் கொடிகளைப் படரவிடும் வழக்கம் பரவியது. லாலாங்கைக் கொல்லச் சோடியம் ஆர்சனைட் என்ற நஞ்சையும் தெளித்தார்கள். ஆர்செனிக்தான். பிறகு 1960களில் பாராகுவாட் வந்தது. மூன்று கட்டங்களிலும் தோள் நம்முடையது.

தெனாகானித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டு மருந்தடிக்கும் தோட்டப் பெண்களிடம் பேசி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. பெண்கள் சொன்ன உபாதைகளில் நகம், தோல், மூக்கு ரத்தம் எல்லாம் இருந்தன. அதே ஆண்டில் அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் அந்தத் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. ஒரு மருந்தைக் கைவிட ஒரு நாடு எடுத்துக்கொண்ட காலம் அது. நமக்கு ஆறு மாதம் அதிகமாகத் தெரிகிறது.

இன்று கடையில் கிடைக்கும் கிளைபோசேட் வேறு மாதிரி. அது இலை வழியாக உள்ளே போய்த் தண்டு வரை இறங்கும். லாலாங்கின் மேல் அது வேலை செய்யும் என்பதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. 2015இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. வேறு பல நாடுகளின் கட்டுப்பாட்டு அமைப்புகள் அந்த முடிவை ஏற்கவில்லை. விவாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கு அதைவிட நெருக்கமான காரணம் ஒன்று உண்டு. மருந்தடித்துச் செத்த நிலத்தில் அடுத்து என்ன முளைக்கும் என்று அந்த நண்பரிடம் யாரும் கேட்கவில்லை. மண்ணில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கான களை விதைகள் தூங்குகின்றன. வெளிச்சம் பட்டதும் அவை எழும். அவற்றில் சில மருந்துக்கே அடங்காதவை. சாலையோரத்தில் நாம் மிதித்துக்கொண்டு போகும் சாதாரணப் புல் ஒன்று, கிளைபோசேட்டைத் தாங்கும் திறன் பெற்றுவிட்டது என்பதை 1997இல் முதலில் கண்டறிந்தது நம் நாட்டில்தான், நம் தோட்டங்களில்தான். ஆகவே இரண்டு போத்தலோடு முடியும் என்று எழுதிக்கொடுக்க யாராலும் முடியாது. ஏழு வயதுப் பிள்ளைகள் மண்ணில் கைவைக்கப்போகும் இடத்தில் எனக்கு இந்தச் சூதாட்டம் வேண்டாம்.

பிறகு என்ன வழி? லாலாங்குக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. நிழல். அடர்ந்த காட்டுக்குள் லாலாங்கை நீங்கள் பார்க்க முடியாது. மேலே ஒரு கூரை வந்துவிட்டால் அது மெலிந்து, சேமிப்பைத் தின்று, தீர்ந்துவிடும். நிலத்தைத் தயார் செய்வது என்பது இங்கே பெரும்பாலும் நிழலைத் தயார் செய்வதுதான்.

முதல் வேலை நடந்து பார்ப்பது. முழங்கால் வரை பூட்ஸ் போட்டுக்கொண்டு, கையில் கோலோடு, சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும். லாலாங்கில் பாம்பு இருக்கும். போன வாரம் நாங்கள் நான்கு பேர் அப்படி நடந்தோம். நெஞ்சளவுப் புல்லுக்குள் தானாக முளைத்த மரக்கன்றுகள் பதினேழு இருந்தன. மஹாங் ஏழெட்டு, ஒரு பலா, இன்னும் பெயர் தெரியாத சில. பறவையும் வௌவாலும் போட்ட விதைகள். இவற்றுக்கு யாரும் குழி வெட்டவில்லை, பதாகை கட்டவில்லை. மெஷின் வைத்து வெட்டியிருந்தாலோ மருந்து அடித்திருந்தாலோ எல்லாம் போயிருக்கும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஊன்றிவிட்டு வந்தோம். ஓர் ஓரத்தில் தாழ்ந்த கிளையில் தூக்கணாங்குருவிக் கூடுகள் வேறு. அந்த மூலையைத் தொடவே போவதில்லை. அந்தக் குருவிக்குக் கூடு பின்னக் கிழித்தெடுக்கப் புல் வேண்டும்.

செண்டுடுக் புதருக்கும் ஒரு செய்தி இருக்கிறது. ஊதாப்பூ பூத்து, பழத்தைத் தின்றால் நாக்கு கறுக்குமே, அதுதான். அலுமினியம் மிகுந்த புளிப்பு மண்ணில் அது செழிப்பாக வளரும். அலுமினியத்தை இலையிலேயே சேர்த்து வைக்கும். அது அடர்ந்து நிற்கும் இடத்தில் மிளகாய் நட்டால் தேறாது என்று செடியே எழுதி ஒட்டியிருக்கிறது. அங்கே மண்ணின் பி.எச். அளவைப் பார்த்து, தேவையான டோலோமைட் சுண்ணாம்பைச் சில வாரம் முன்பே கலக்க வேண்டும். படிவம் நான்கு வேதியியலில் நீங்கள் எழுதும் நடுநிலையாக்கல் வினை இதுதான். ஆய்வுக்கூடத்தில் அரை மணி நேரம், இங்கே ஒரு மாதம்.

இரண்டாவது வேலை அழுத்துவது. கேட்டவுடன் சிரித்தார்கள். ஒன்றரை மீட்டர் நீளப் பலகை, இரண்டு முனையிலும் கயிறு. கயிற்றைக் கையில் பிடித்து, பலகையைப் புல்லின் மேல் போட்டு, ஏறி மிதித்து, தூக்கி, அடுத்த அடி. அவ்வளவுதான். புல் வெட்டப்படவில்லை, மடங்கிவிட்டது. வெட்டினால் உடனே துளிர்க்கும் லாலாங், மடங்கினால் தாமதமாகத்தான் எழும். மடங்கிய இலைகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்துத் தமக்குத் தாமே நிழலாகின்றன. பிலிப்பைன்ஸில் லாலாங் மண்டிய மலைச்சரிவுகளைக் காடாக மீட்க இந்த முறையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். சில வாரத்துக்கு ஒருமுறை திரும்ப மிதிக்க வேண்டும். குச்சி ஊன்றிய கன்றுகளைச் சுற்றி மட்டும் கையால் பிடுங்கி ஒரு வட்டம் விட வேண்டும்.

மூன்றாவதுதான் முதுகு வலிக்கும் வேலை. அரை ஏக்கர் முழுவதையும் தோண்டச் சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. காய்கறிப் பாத்திக்குக் கூடைப்பந்துத் திடல் அளவு இடம் போதும். 28 மீட்டருக்கு 15 மீட்டர், 420 சதுர மீட்டர். முப்பது பேர் சேர்ந்தால் ஆளுக்கு 14 சதுர மீட்டர். ஒரு சிறிய படுக்கையறை அளவு. அதை ஜூன், ஜூலை வெயிலில் நான்கைந்து சனிக்கிழமைகளில் முடிக்கலாம். தண்டுகளின் பெரும்பகுதி மேலே உள்ள 20 சென்டிமீட்டருக்குள்தான் ஓடும். மண்ணை முள்கரண்டியால் நெம்பிப் பிரித்து, தண்டை அறுபடாமல் இழுக்க வேண்டும். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு சவால்: 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைத் தோண்டி, கிடைக்கும் வெள்ளைத் தண்டுகளை எல்லாம் வரிசையாக வைத்து நாடாவால் அளந்து பாருங்கள். பதினொன்றால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டரின் கணக்கு வரும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு இரண்டு போத்தல் மருந்தைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

எடுத்த தண்டுகளை உரக்குழியில் போடக்கூடாது, அங்கேயே முளைத்துவிடும். தகரத்தின் மேல் பரப்பி முறுமுறு என்று காயவிடலாம். தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து அழுகவிடலாம் என்றால், மூடியை இறுக்கமாக மூட வேண்டும். இல்லையென்றால் லாலாங்குக்குப் பதில் ஏடிஸ் கொசு வளர்ப்போம்.

தோண்டி முடிந்த பாத்தியில் உடனே நடவும் கூடாது. தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் சும்மா விட வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த களை விதைகள் முளைக்கும். இரண்டு இலைப் பருவத்தில் மண்ணின் தோலை மட்டும் மெல்லச் சுரண்டினால் போதும். ஆழமாகக் கொத்தினால் அடியில் உள்ள விதைகள் மேலே வந்துவிடும். இரண்டு முறை இப்படி ஏமாற்றிவிட்டால், காய்கறி விதைக்கும்போது போட்டி பாதியாகக் குறையும். இதற்குப் பொறுமையைத் தவிர வேறு செலவு இல்லை. கோரைக்கிழங்கு இருந்தால் மட்டும் இந்த ஏமாற்று வேலை செல்லாது. அதைக் கிழங்கோடுதான் எடுக்க வேண்டும்.

மிச்ச நிலத்துக்கு மூடாக்கு. நாட்பட்ட அட்டைப்பெட்டிகளை டேப் நீக்கி, ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி பரப்பி, மேலே வெற்றுச் செம்பனைக் குலைகளையோ மட்டைகளையோ போடலாம். லாலாங் முனை சில இடத்தில் அட்டையைத் துளைத்து வரும். அந்த இடத்தில் இன்னொரு அட்டை. செப்டம்பர், அக்டோபர் மழையில் பயறு இனக் கொடிகளை விதைக்கலாம். தோட்டங்களில் இதற்குப் பல கொடிகள் உண்டு. வடகிழக்கு இந்தியாவிலிருந்து வந்த முக்குனா பிராக்டியாட்டா மிக வேகமானது. அதே காரணத்தால் பள்ளிக்கு வேண்டாம், ஒரு விடுமுறை முடிந்து வந்தால் கழிப்பறைக் கூரையில் ஏறியிருக்கும். எனக்குச் சக்கரவள்ளிக்கிழங்குக் கொடி போதும். தரையை நன்றாக மூடும், கீரையும் கிழங்கும் தரும், விற்றால் கைச்செலவுக்கும் ஆகும். வேலியோரம் கிளிரிசிடியா கம்புகளை ஊன்றிவிட்டால் ஓராண்டில் நிழல் வரும்.

நவம்பரில் பழக்கன்றுகள். அப்போதும் லாலாங் முற்றிலும் போயிருக்காது. ஒவ்வொரு கன்றையும் சுற்றி இரண்டாண்டாவது களையெடுக்க வேண்டியிருக்கும். அதைப் பட்டியல் போட்டு, வகுப்புவாரியாகப் பிரித்து, பெயர் எழுதி ஒப்படைத்த பிறகு விழாவுக்கு நாள் குறிக்கலாம்.

கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகமான ஃபிரிமுக்குப் போயிருப்பீர்கள். பள்ளிச் சுற்றுலாவில் நாமெல்லாம் ஆதிகாடு என்று நினைத்து அண்ணாந்து பார்த்த அந்த மரங்கள் 1920களிலிருந்து மனிதர்கள் நட்டு வளர்த்தவை. அதற்கு முன் அந்த இடம் ஈயம் தோண்டிக் கைவிட்ட குழிகளும் காய்கறித் தோட்டங்களும் லாலாங்கும் புதருமாகக் கிடந்தது. 2025இல் அது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. எட்டு வாரத்தில் அல்ல.

என் கருத்துக்கு எதிராக வந்தவற்றில் எனக்குப் பதில் சொல்லக் கடினமாக இருந்தது ஒரு தாயாரின் கேள்வி. "நாங்க தோட்டத்துல மண்வெட்டி புடிச்சது போதாதா தம்பி? எம் புள்ளையும் புடிக்கணுமா?" கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்தக் கேள்வியில் இருக்கும் வலி என் வீட்டிலும் இருக்கிறது. மண்வெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்ததுதான் நம் சமுதாயத்தின் வெற்றி என்று வளர்ந்தவர்கள் நாம். நான் சொன்ன பதில் இதுதான்: அக்கா, அன்றைக்கு நம்மவர்கள் கையில் மண்வெட்டி இருந்தது, எங்கே கொத்துவது, எதை அடிப்பது என்ற முடிவு துரையிடமும் கிராணியிடமும் இருந்தது. இந்த நிலத்தில் முடிவு எடுக்கப்போவது உங்கள் மகள். எதைத் தோண்டுவது, எதை விடுவது என்று அவள்தான் அளந்து, குறித்து, சொல்லப்போகிறாள். விருப்பமில்லாத பிள்ளையை யாரும் இறக்கப்போவதில்லை. அவர் தலையாட்டினார். ஒப்புக்கொண்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவருடைய தயக்கம் நியாயமானது, அதை வென்றுவிட்டதாக நான் இங்கே எழுதப்போவதில்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. பதாகைக்கும் கன்றுக்கும் பணம் தருவதாகச் சொன்ன ஆதரவாளருக்கு ஜூலையில்தான் வசதியாம். பணம் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் எந்தத் தமிழ்ப்பள்ளியும் இல்லை. அவரிடம் வேறொன்று கேட்கலாம் என்று நினைக்கிறேன். ஜூலையில் அவர் தாராளமாக வரட்டும். கன்றுக்குப் பதில் முப்பது ஜோடி பூட்ஸ், கையுறை, பத்து முள்கரண்டி, ஒரு பி.எச். கருவி வாங்கித் தரட்டும். லாலாங் தண்டை ஒரு கையில் உயர்த்திப் பிடித்தபடி நாங்கள் அவரோடு படம் எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பக்கத்து ஆசிரியர் அதைப் பிரசுரிப்பார் என்று நம்புகிறேன்.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் கூட்டம். நான் வைக்கப்போகும் கோரிக்கைகள் மூன்று: விழா நவம்பரில், பள்ளி வேலிக்குள் மருந்து இல்லை, குருவிக்கூட்டு மூலைக்கு வேலி. முதலாவது நிறைவேறாவிட்டாலும் மற்ற இரண்டுக்காகவும் பேசுவேன். அருகில் உள்ள முன்னாள் மாணவர்களுக்கு ஓர் அழைப்பு. பழைய கட்டில் சட்டத்திலிருந்து என் மாமா இரண்டு பலகை அறுத்துத் தந்திருக்கிறார். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்குகிறோம். மழை பெய்தாலும் வாருங்கள். ஈர லாலாங் நன்றாகப் படியும்.